இறந்தவர் படத்தைக் காட்டலாமா?

இந்த மாதக் கூட்டத்தில் பேச ஒரு விஷயம்.

2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். கருகிய பிஞ்சு உடல்களை டிவியிலும் பேப்பரிலும் காட்டினார்கள். பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்க அரசு உத்தரவு போட்டது. படம் வந்ததால்தான் இது நடந்தது என்பவர்கள் உண்டு. 94 என்ற கணக்கும் எரிந்த கூரையும் போதாதா? அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் பெத்தவ மனசு என்ன பாடுபடும்?

அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி. நம்ம கடலூர் மாவட்டத்திலேயே 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அடையாளம் தெரியாத உடலைப் போட்டோ எடுத்து வைப்பது, தேடி வரும் சொந்தக்காரருக்குக் காட்ட. அது தேவை. ஊருக்கே காட்டுவது வேறு.

இப்போ டிவிக்காரர் முகத்தை மறைத்தாலும் நம்ம செல்போனுக்கு மறைக்காமல் வருது. விருத்தாசலம் ரோட்டில் விபத்து என்றால், வீட்டாருக்குச் சேதி போகும் முன்னே வாட்ஸ்அப்பில் உடல் வந்துவிடுகிறது. மகன் படத்தைத் தாய் அப்படியா பார்க்கணும்?

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் இறந்துவிட்டாலும் பெயரோ படமோ வெளியிடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இதற்கு 2 வருஷம் வரை சிறை.

நம்ம குழு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு படம் வந்தால் ஊக்குநர் என்ன செய்யணும்? பேசி முடிவெடுத்து, தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.