பழைய ஈ-கிளாஸா, புதிய ஈ-கிளாஸா?

பயன்படுத்திய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ-கிளாஸ் தேடினால் இரண்டு தலைமுறைகள் அதிகம் கண்ணில் படும்: 2009-இல் அறிமுகமான டபிள்யூ212, 2017-இல் இந்தியாவுக்கு வந்த நீளமான வி213.

வீட்டுப் பெரியவர்கள் பின்சீட்டில் அதிகம் போவார்கள் என்றால் புதியதுதான். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம் பழையதில் 2,874 மி.மீ., புதியதில் 3,079 மி.மீ. பின்னால் காலை நீட்டி உட்காரலாம்.

நீங்களே ஓட்டுபவர், நம்பகமான மெக்கானிக்கும் இருக்கிறார் என்றால் பழையதை வாங்கலாம். ஆனால் காரின் விலை இறங்கிய அளவுக்கு உதிரிபாக விலை இறங்காது. ஈ250 சிடிஐ டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது; மாற்றுவது பெரிய வேலை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து, முதல் சில விநாடிகளில் கடகட சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போய்ப் பாருங்கள்.

சென்னை வண்டியா? 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வெளிமாநில வண்டி மலிவாகத் தெரியும். அந்த ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றும் தமிழகச் சாலை வரியும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.