பிடிக்கவில்லை என்பதைக் கால்கள் சொல்லட்டும்

லண்டன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மான்செஸ்டரில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்.

போன சனிக்கிழமை கிளப்புக்குப் போய்வந்ததைப் பற்றி விரிவாக எழுதியிருந்தாய். எதையும் ஒளிக்காமல் மாமாவிடம் சொல்கிறாயே, அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம். அன்று டிஜேயாக இருந்த பெண் போட்ட இசை உங்கள் செட்டுக்குப் பிடிக்கவில்லை. ஒருவன் தனக்கு வேண்டிய பாட்டின் பெயரைப் போனில் பெரிய எழுத்தில் தட்டி, அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நீட்டியிருக்கிறான். இன்னொருவன் கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டியிருக்கிறான். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஊளையிட்டிருக்கிறீர்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாயிற்று. “காசு கொடுத்துத்தானே உள்ளே போனோம், பிடிக்கலைன்னா சொல்லக் கூடாதா மாமா?” என்று கேட்டிருந்தாய்.

தாராளமாகச் சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதில்தான் மரியாதை இருக்கிறது. டான்ஸ் ஃப்ளோரில் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தளத்தை விட்டு நகர்ந்துவிடுவது. அதைவிடத் தெளிவாக எந்த ஊளையும் பேசாது. இந்த ஊர் கிளப்புகளில் சவுண்ட் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ டிஜேக்களுக்குப் பின்னால் நின்று அதே தளத்தைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் பார் பக்கம் திரும்பினால் போதும், டிஜே நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து எடுத்து வைத்திருந்த பாட்டை மாற்றுவார்.

முதலில் டிஜேயின் மேஜைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். ஹெட்போனின் ஒரு பக்கம் காதில் இருக்கும், மறு பக்கம் கழுத்தில் தொங்கும். ஒரு காது நீங்கள் கேட்கும் பாட்டைக் கேட்கிறது. மறு காது நீங்கள் இன்னும் கேட்காத அடுத்த பாட்டைக் கேட்கிறது. ஹவுஸ் இசையென்றால் நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 130 தட்டு. இரண்டு பாட்டின் தட்டும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழ வேண்டும். டெக்னிக்ஸ் 1200 என்ற ரெக்கார்டு பிளேயரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சிறிய தள்ளுகோல் உண்டு. கூட்டினால் 8 சதவீதம், குறைத்தால் 8 சதவீதம். அதை விரல் நுனியால் மயிரிழை நகர்த்திக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் உன் நண்பனுடைய போனின் வெள்ளை வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. ஓடுகிற பாட்டு முடிய ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோதான் இருக்கும். அந்த நிமிடத்தைக் கெடுத்தால் கெடுவது டிஜேயின் இரவு மட்டுமல்ல, தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும் அத்தனை பேரின் இரவும்.

மேஜையைத் தட்டிக் கூப்பிடுவது அதைவிட மோசம். இசைத்தட்டு ஓடும்போது தட்டினால் ஊசி குதிக்கும், அது கூடம் முழுக்கக் கேட்கும். கையில் கிளாஸோடு மிக்ஸருக்கு மேல் குனிபவனைக் கண்டால் எந்த சவுண்ட்காரனுக்கும் வயிற்றைக் கலக்கும்.

இனி, கூட்டம் நகர்ந்துபோனதால் டிஜேக்கள் என்ன ஆனார்கள் என்று சொல்கிறேன். சிகாகோவில் 1980களில் மியூசிக் பாக்ஸ் என்ற கிளப் இருந்தது. அங்கே டிஜே ரான் ஹார்டி. ஃபியூச்சர் என்ற சிறு குழு, ரோலண்ட் 303 என்ற பேஸ் கருவியைத் திருகித் திருகி ஒரு புதுவிதமான சத்தத்தை டேப்பில் பதிந்து அவரிடம் கொடுத்தது. அவர் அதை முதல் முறை போட்டபோது தளம் காலியாகிவிட்டது. அன்று இரவே மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். நான்காவது முறை போட்டபோது கூட்டம் வெறி பிடித்தது போல ஆடியது. அதுதான் 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு பாணிக்கே பிள்ளையார் சுழி போட்டது.

நியூயார்க்கிலும் அப்படித்தான். 1977 முதல் 1987 வரை நடந்த பாரடைஸ் கராஜில் லாரி லெவன், 1981இல் டானா கார்ட்னரின் ‘ஹார்ட்பீட்’ பாட்டைப் போட்டார். அன்றைய டிஸ்கோவைவிட நடை மிகவும் மெதுவாக இருந்ததால் ஆடியவர்கள் தளத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். அவர் விடவில்லை, திரும்பத் திரும்பப் போட்டார். இறங்கியவர்களே பிறகு அந்தப் பாட்டுக்கு ஓடிவந்தார்கள். நகர்ந்துபோனவன் திரும்பி வரலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊளையிட்டவன் அவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியாது, ஊளை வாங்கியவரும் இன்னொரு முறை துணிந்து புதிதாக ஒன்றைப் போட மாட்டார். நம் சபாக் கச்சேரியில் பாட்டு ஒத்துவராதவர்கள் ஒரு உருப்படி முடியும்வரை உட்கார்ந்திருந்து கேன்டீனுக்கு நடக்கிறார்களே, அந்த நாகரிகம்தான் இங்கும் வேண்டும்.

உன் ஊரையே எடுத்துக்கொள். விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட் பக்கம் போனால் ஹசியெண்டா என்ற பெயரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்ப்பாய். அந்த இடத்தில்தான் 1982இல் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸும் நியூ ஆர்டர் குழுவும் சேர்ந்து ஹசியெண்டா கிளப்பைத் திறந்தார்கள். இன்று அதைக் கோயில் மாதிரிப் பேசுகிறார்கள். ஆனால் முதல் சில வருஷங்கள் பல இரவுகளில் அந்தப் பெரிய கூடம் வெறிச்சோடித்தான் கிடந்தது. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் டிஜேக்கள் புது இசையைப் போட்டபடி இருந்தார்கள். எண்பதுகளின் கடைசியில் ஹவுஸ் அலை வந்தபோது அதே கூடம் நிரம்பி வழிந்தது. 1997இல் மூடினார்கள், 2002இல் இடித்தார்கள். பிடிபடாத இசைக்கு ஒரு கூடம் கொடுத்த பொறுமையால்தான் மான்செஸ்டருக்கு இசையில் ஒரு பெயர் கிடைத்தது. அந்த ஊரில் படிக்கிற நீ அந்தப் பொறுமையில் கொஞ்சமாவது கற்றுக்கொள்ள வேண்டாமா?

இன்னொன்று. நீங்கள் ஊளையிட்டது பதினொன்றரை மணிக்கு என்று எழுதியிருந்தாய். அந்த நேரத்தில் வாசிப்பவர் பெரும்பாலும் வார்ம்-அப் டிஜே. கூடத்தை மெல்ல மெல்லச் சூடாக்கி, பின்னால் வருபவர் கையில் கொடுப்பது அவர் வேலை. அவர் எல்லாவற்றையும் அப்போதே வெடித்துவிட்டால் பின்னால் வருபவருக்கு எதுவும் மிஞ்சாது. அடக்கி வாசிப்பதும் தொழில்திறமைதான். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எடைபோடு. நான்கு பாட்டுகளாவது கொடு. அதற்கும் ஒத்துவரவில்லையா, ஓரத்துக்குப் போ, வேறு அறை இருந்தால் அங்கே போ. அப்போதும் இல்லையென்றால் வீட்டுக்குப் போ. கூடம் தப்பாக அமைந்தால் பெரிய கையும் தடுமாறும். 2012இல் மயாமியின் மேன்ஷன் கிளப்பில் டிஜே ஷேடோவையே பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் அந்த இரவு அந்தக் கூட்டத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். அவருடைய இசை அதனால் தாழ்ந்துவிடவில்லை.

காசு கொடுத்ததைப் பற்றிக் கேட்டாய். அது நியாயமான கேள்வி. கராஜ் இசை என்று விளம்பரம் செய்துவிட்டு விடிய விடிய டெக்னோ போட்டால், மறுநாள் நிகழ்ச்சி நடத்தியவருக்கு எழுது. தேதி, டிக்கெட், விளம்பரத்தில் சொன்னது, நடந்தது என நான்கு வரி போதும். டிஜேயே மைக்கில் யாரையாவது இழிவாகப் பேசினால் அங்கேயே மேனேஜரிடம் போய் உரக்கச் சொல், பணத்தைத் திருப்பிக் கேள். அதில் தயங்காதே. சத்தம் காது வலிக்கும் அளவுக்குப் போனாலும் சிப்பந்திகளிடம் சொல். இசைக்கூடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்திருக்கிறது. எப்படியும் காதடைப்பான் இல்லாமல் போகாதே, காது போனால் திரும்பி வராது.

இந்தப் பாட்டைப் போடுங்கள் என்று டிஜேயிடம் கேட்பதும் இடத்தைப் பொறுத்தது. கல்யாண ரிசப்ஷனிலோ மாணவர் பார்ட்டியிலோ ஒரு முறை பணிவாகக் கேட்கலாம். போட்டால் மகிழ்ச்சி, போடாவிட்டால் விட்டுவிட வேண்டும். டிஜேயின் பெயரைப் போஸ்டரில் போட்டு அழைக்கும் இரவில் அவருடைய தேர்வைக் கேட்கத்தான் போகிறோம்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள். ஜமைக்காவின் சவுண்ட் கிளாஷில் இரண்டு சவுண்ட் சிஸ்டங்கள் மோதும். அங்கே கூட்டம்தான் நீதிபதி, கூச்சலும் தீர்ப்பில் சேர்த்தி. அந்த வழியில் வந்த லண்டன் ஜங்கிள், டப்ஸ்டெப் இரவுகளில் சுவரைத் தட்டி ஆர்ப்பரித்தால், ‘அதே பாட்டை முதலிலிருந்து போடு’ என்று அர்த்தம். அது பாராட்டு. உனக்குப் பக்கத்திலுள்ள விகனில் 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசினோவில், கால் வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் டால்கம் பவுடர் தூவுவார்கள். அப்படிப்பட்ட நார்தர்ன் சோல் தளத்தில் கிளாஸோடு ஏறுவதை இன்றும் பெரிய அவமரியாதையாக நினைப்பார்கள். எந்தக் கிளப்புக்குப் போனாலும் தளத்தின் நடுவில் கிளாஸ் வேண்டாம், நின்று அரட்டையும் வேண்டாம். யாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போகாதே. ஒரு பெண் உன் பக்கம் ஆடுவதை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதே. 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய ‘ஆஸ்க் ஃபார் ஏஞ்சலா’ முறை இன்று பல ஊர்களில் இருக்கிறது. தொல்லைக்கு ஆளானவர் பாரில் ஏஞ்சலாவைக் கேட்டால், ஊழியர்கள் புரிந்துகொண்டு உதவுவார்கள். இதை உன்னோடு வரும் தோழிகளுக்கும் சொல்லி வை.

கடைசியாக, என் மனதை மிகவும் உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். ஊளைக்கு நடுவே உன் நண்பன் ஒருவன் அந்த டிஜேயின் உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கத்தினான் என்று எழுதியிருந்தாய். இசையில் தொடங்கிய வெறுப்பு ஆள்மீது தாவ எவ்வளவு நேரம் ஆனது என்று பார். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்திலும் இதுதான் நடந்தது. டிஸ்கோ ரெக்கார்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு டிக்கெட் என்று ஒரு ரேடியோக்காரர் கூட்டம் சேர்த்தார். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள், இரண்டாவது ஆட்டத்தை நடத்தவே முடியவில்லை. அன்று அங்கே வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வந்து குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவரே 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ என்ற, ஹவுஸ் இசையின் முதல் ரெக்கார்டுகளில் ஒன்றை உருவாக்கினார். பிடிக்காத இசையைக் கூட்டமாகச் சேர்ந்து எதிர்க்கும்போது யாரை எதிர்க்கிறோம் என்பது மறந்துபோகும். அந்நிய ஊரில் நிறத்துக்காக ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அறிந்த குடும்பம் நம்முடையது. நீ அந்தக் கூட்டத்தில் நிற்கக் கூடாது.

அந்த வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெர்லினில் பெர்கைன் கிளப்புக்குப் போனால் வாசலிலேயே போன் கேமராமீது ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் யாருடைய கண்ணுக்கும் அஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. ஆடுகிறவருக்கு உள்ள அந்த உரிமை, ஆட வைக்கிறவருக்கும் உண்டு.

ஆகவே மாமாவுக்காக இரண்டு காரியம் செய். குரூப்பில் போட்ட வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடு, மற்றவர்களையும் எடுக்கச் சொல். இனி எந்த இரவாவது ஒரு டிஜே உன்னை நன்றாக ஆட வைத்தால், விளக்கு போட்ட பிறகு அவரிடம் போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வா. பிடிக்காதபோது பேசாமல் நகர்ந்துவிடு, பிடித்தபோது வாய்விட்டுச் சொல்.

அன்புடனும் ஆசியுடனும்,
மாமா