கழுத்துவலியும் தோள்வலியும்: நாமே தணித்துக்கொள்ளும் எளிய வழிகள்

கத்தி மழுங்கினால் உடனே தீட்டிக்கொள்கிறோம். வாளி ஓட்டையானால் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் கழுத்தும் தோளும் வலித்தால் மட்டும், "வேலை செய்தால் வலிக்கத்தான் செய்யும்" என்று வாளாவிருந்துவிடுகிறோம். தோள் தளர்ந்தால் வெட்டும் மரங்கள் குறையும், வருமானமும் குறையும். ஆகவே, இவ்வலி ஏன் தோன்றுகிறது, அதனைத் தணிக்க நாமே செய்யத்தக்கவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

வலி ஏன் வருகிறது?

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோகிராம். அதனைக் கழுத்திலுள்ள 7 எலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் தாங்குகின்றன. தலை நிமிர்ந்திருக்கும்போது தசைகளுக்கு வேலை குறைவு. மேல்வெட்டில் அண்ணாந்தும், கீழ்வெட்டில் குனிந்தும் நெடுநேரம் நிற்கும்போது அத்தசைகள் ஓய்வின்றி இறுகி நிற்கின்றன. அவற்றில் இரத்த ஓட்டம் குறைந்து, களைப்பும் வலியும் உண்டாகின்றன. அதன்பின் பால் வாளியைச் சுமக்கும்போது களைத்த தோளின்மீதே மீண்டும் பாரம் ஏறுகிறது.

வேலையில் கவனிக்க வேண்டியவை

கழுத்தைத் திருப்பி வெட்டுவதைவிட, கால்களை நகர்த்தி வெட்டின் எதிரே நிற்பது நன்று. மேல்வெட்டின்போது மரத்தை ஒட்டி நில்லாமல், கத்தியின் நீண்ட பிடிக்கேற்பச் சற்றுத் தள்ளி நின்றால் அதிகம் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கீழ்வெட்டில் முழங்காலைச் சற்று மடக்கித் தாழ்ந்தால் கழுத்து வளைவது குறையும். நெற்றி விளக்கின் முகப்பை வெட்டுக்கு ஏற்றவாறு சாய்த்து வைத்துக்கொண்டால், ஒளிக்காகத் தலையைத் தாழ்த்த வேண்டிய தேவையும் குறையும். கூர்மையான கத்திக்குக் குறைந்த வலுவே போதும். மழுங்கிய கத்தி தோளையே வருத்தும்.

ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ளது. 20 லிட்டரை ஒரே கையில் தூக்குவதினும், இரு வாளிகளில் சமமாகப் பகிர்ந்து சுமப்பது மேல். காண்டாக் கம்பில் சுமப்போர் தோளை அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்கு பயிற்சிகள்

இவற்றைக் காலையில் பிரட்டுக்குச் செல்லுமுன்னும், வெட்டு முடிந்து பால் எடுக்குமுன் கிடைக்கும் இடைவேளையிலும், இரவிலும் செய்யலாம். ஐந்து நிமிடமே போதும்.

1. நிமிர்ந்து நின்று, தோள்களைக் காதுவரை உயர்த்திப் பின்புறமாகச் சுழற்றி இறக்குக. 10 முறை.

2. தலையை மெல்ல வலத்தோள் பக்கம் சாய்த்து 15 வினாடி நிறுத்துக, பின் இடப்பக்கம். பக்கத்திற்கு 3 முறை.

3. நேரே பார்த்தவாறு, மோவாயைப் பின்னோக்கி இழுத்து 5 வினாடி நிறுத்துக. 10 முறை.

4. முழங்கைகளை மடக்கிப் பின்னுக்குக் கொண்டுசென்று, தோள்பட்டை எலும்புகளை ஒன்றோடொன்று நெருக்கி 5 வினாடி நிறுத்துக. 10 முறை.

இழுவிசை தெரியலாம், கூர்மையான வலி தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

ஒத்தடமும் ஓய்வும்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் இறுகிய தசை தளரும். சூடு தோலைச் சுடாதவாறு கையால் பார்த்துக்கொள்க. திடீரெனச் சுளுக்கி வீங்கியிருந்தால், முதல் இரு நாள்கள் துணியில் சுற்றிய பனிக்கட்டியே ஏற்றது. உயர்ந்த தலையணையைத் தவிர்த்து, கழுத்து உடலோடு நேராக இருக்கும்படி படுக்க வேண்டும். வலிக்கிறதென்று நாள்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதும் தவறு. அதனால் கழுத்து மேலும் இறுகும். சாதாரணக் கழுத்துவலி பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும்.

செய்யத்தகாதது

கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் 'சொடக்கு' எடுக்க எவரையும் விடலாகாது. மூளைக்கு இரத்தம் செல்லும் குழாய்கள் கழுத்தின் வழியே செல்கின்றன. அவை கிழிந்தால் பக்கவாதமும் நேரலாம்.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய வேளை

கை மரத்துப்போதல், பிடி தளர்ந்து கத்தி நழுவுதல், நடை தடுமாறுதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், கீழே விழுந்தபின் தோன்றும் வலி ஆகியவை வீட்டு வைத்தியத்திற்கு உரியவை அல்ல. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மார்பு நோவோடும் வியர்வையோடும் தோளிலோ கையிலோ வலி பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். தாமதியாமல் 999 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

கையை உயர்த்தவே இயலாதபடி தோள் நாளுக்கு நாள் இறுகிவந்தாலும் மருத்துவரைக் காண்க. நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மிகுதியாக வருவதால், இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பரிசோதித்துக்கொள்வது நன்று. வேலையில் அடிபட்டு வந்த வலியாயின், அதனை அன்றே நிர்வாகத்திடம் தெரிவித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பின்னர்ச் சொக்சோ உதவி கோருவதற்கு அப்பதிவு துணைபுரியும்.

தீட்டிய கத்தியோடு தளராத தோளும் இருந்தால்தான் நாளைய வெட்டும் நடக்கும். இன்றிரவே முதற்பயிற்சியைத் தொடங்குவோமாக.