தராசு காட்டாத பலவீனம்



சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பையின் சுவரில் ஆழமாக இறங்கிவிட்டால், பையை முழுவதும் அகற்றும் பெரிய ஆபரேஷன் பலருக்குத் தேவைப்படுகிறது. அந்த நாளை நோயாளி எப்படிப்பட்ட சரீரத்தோடு சந்திக்கிறார் என்பதும் அவர் பிழைப்பதைப் பாதிக்கிறது.

சரீரத்தின் உண்மை நிலையைத் தராசு காட்டுவதில்லை. பருமனாகத் தோன்றுகிறவரும் கொழுப்பின் மறைவில் தசையை இழந்திருக்கலாம். நோயின் பரவலை அறிய எடுக்கும் சி.டி. ஸ்கேனிலேயே, இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசையை அளக்கலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 205 பேரின் ஸ்கேன்களை இப்படி ஆராய்ந்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், தசை குறைந்தவர்களில் 100-க்கு 39 பேர். மற்றவர்களில் 70 பேர்.

காரணம் என்ன? தசையே சரீரத்தின் புரதச் சேமிப்பு. காயம் ஆறவும் கிருமிகளை எதிர்க்கவும் சரீரம் அதிலிருந்தே எடுத்துச் செலவிடுகிறது. சேமிப்பு இல்லாதவருக்கு எழுந்து நடக்கவும், இருமிச் சளியை வெளியேற்றவும் பெலன் இராது.

ஆபரேஷனை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் நோய் முந்திக்கொள்ளும். ஆனாலும் மிகவும் மெலிந்தவருக்கு முதலில் 7 முதல் 14 நாள் ஊட்டம் கொடுக்கும்படி ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கம் ஆலோசனை கூறுகிறது. புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6 கிராம்தான். ஆகவே நோயாளி என்று கஞ்சியும் ரொட்டியும் மட்டும் கொடுப்பது போதாது. பருப்பு, முட்டை, மீன், பால், வேர்க்கடலை ஆகியவை தினமும் வேண்டும். இயன்ற அளவு நடையும் வேண்டும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவரே சொல்லவேண்டும்.

நல்ல உணவு புற்றுக்கட்டியைக் கரைத்துவிடாது. ஆனால் சிகிச்சையைத் தாங்கும் பெலனைத் தரும். சோர்ந்துபோன எலியாவின் நீண்ட பயணத்துக்கு முன் தேவன் அனுப்பியது அடையும் தண்ணீருமே (1 இராஜாக்கள் 19). ஆகையால் ஒரு ஏழை நோயாளியின் உணவுக்காக நீங்கள் கொடுக்கும் காணிக்கையைச் சிறிதென்று எண்ணாதிருங்கள். அதுவும் சிகிச்சையே.

ஜெபக்குறிப்பு: ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்து ஊட்டும் குடும்பத்தாருக்காகவும் ஜெபியுங்கள்.