இழவும் இசையும்

அழுகையென்னும் மெய்ப்பாடு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினாற் பிறக்குமெனத் தொல்காப்பியனார் வகுத்தனர். இழவென்பதற்கு உரைகூற வந்த பேராசிரியர் தந்தை தாய் முதலாயினோரை இழத்தலையே முதற்கண் வைத்தனர். இந்நான்கையும் நாம் வகுப்பிலே மனனஞ் செய்விக்கின்றோம். அந்நான்கனுள் ஒன்று அதே வகுப்பின் பின்வாங்கிலே வாய்திறவாது வந்திருக்கும்போது ஆசிரியர் செய்யத்தக்கது யாது? சைவாசிரியர்கள் சிறிது சிந்தித்தற்குரிய பொருளாதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நமது நாட்டிலே பிரேதங் கிடக்கும் வீட்டிற் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்புச்சொல்லி அழுவர். கற்றோரெனப்படுவார் சிலர் இதனை நாகரிகமற்ற வழக்கமென்று நாணுகின்றனர். நாம் அவ்வாறு கருதுகின்றிலேம். ஒப்பாரிக்கு ஓர் இசையுண்டு. இறந்தார் செய்த நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுதலுண்டு. கேட்டு உடனழுவாரும் உளர். தாயையிழந்த மகளுக்கு அன்றே ஒரு வழி திறந்துவிடுகின்றது. மகனுக்கோ அவ்வழியில்லை. ஆண்பிள்ளை அழலாமாவென்று அவனைத் தேற்றுவர்; தேற்றியவரே அவன் கையிற் கொள்ளியைக் கொடுப்பர். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்தபின், 12 வயதுச் சிறுவன் மழித்த தலையோடு பாடசாலைக்கு வருகின்றான்.

மரணவீட்டிலே அவன் கேட்ட பாட்டொன்றுண்டு. உரலிற் சுண்ணம் இடிக்கும்போது ஓதப்படும் திருப்பொற்சுண்ணம் 20 பாட்டுக்களையுடையது. திருவாசகத்திலே அது துன்பப்பாட்டன்று. இறைவன் திருமஞ்சனத்துக்கு வாசப்பொடி இடிக்கும் மகளிர் ஒருவரையொருவர் அழைத்துப் பாடும் மகிழ்ச்சிப்பாட்டாம். அதனைத் துக்கவீட்டிற் கொண்டுவந்து வைத்த பெரியோர் கருத்து யாதென நாம் நெடுநாள் எண்ணியதுண்டு. ஓதுவார் மரபிலே திருவாசகம் பாடப்படுவதும் மோகனத்திலேயாம், அழுகைக்குரியதென்னும் முகாரியிலன்று. விம்முகின்றவனுக்கு மூச்சுத் துண்டுதுண்டாக வரும். ஓரடியைப் பாடிமுடிக்க வேண்டுமாயின் மூச்சை நிறைய வாங்கி மெல்ல விடல் வேண்டும். உலக்கை அளவறிந்து விழும். அருகிருப்போர் குரலும் உடன்வரும். துக்கம் நீங்கிவிடுவதில்லை, ஆயினும் அளவின்றி வந்த அதற்கு ஓரளவு உண்டாகின்றது. உடம்பைப்பற்றிய இச்சிறு காரணத்தைச் சொல்லுதலாற் பாட்டின் அருட்பெருமை குறையுமென அன்பர்கள் எண்ணற்க.

படிப்பினால் வரும் ஆறுதல் வேறுவகையினது. பறம்புமலைக்கு இறைவனாகிய பாரியை மூவேந்தர் முற்றுகையிட, அவன் மாண்டபின் அவன் மகளிர் பாடியது புறநானூற்று 112ஆம் பாட்டு. அது ஐந்தடியே. அழுதேமென்றாவது மனமுடைந்தேமென்றாவது அதில் ஒரு சொல்லில்லை. சென்ற திங்களின் நிலாவையும் இத்திங்களின் நிலாவையும் அருகருகே வைத்து, இடையிலே போனவற்றைச் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். முடிவிலே மலையை முன்னும் தந்தையைப் பின்னும் வைத்த முறையை மாணாக்கர்க்குக் காட்டுக. ஏட்டுச்சுவடியிற் கிடந்த அந்நூலை உ. வே. சாமிநாதையரவர்கள் 1894இல் அச்சிட்டு வெளியிட்டனர். தன் வீட்டு நிலாமுற்றத்திலே தனக்கு மாத்திரம் நேர்ந்ததென்று ஒருவன் எண்ணியிருந்ததைப் பல நூற்றாண்டுக்கு முன் இரண்டு பெண்கள் சொல்லி வைத்திருக்கின்றனர்.

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்திலே, கூப்பர் என்னும் ஆங்கிலப் புலவர் தம் தாயின் படத்தைப் பெற்றபோது பாடிய பாட்டைப் பரீட்சைக்காக உருப்போட்டோம். அத்தாய் 1737இல் இறந்தபோது புலவருக்கு ஆறு வயது நிரம்பவில்லை. பாட்டு எழுதப்பட்டது 1790இல். 53 ஆண்டு கழித்துங் காயாத ஈரம் அது. நம் அன்னையார் சிவபதமடைந்த ஆண்டிலே அப்பாட்டு நினைவுக்கு வந்தது. எனினும் அவ்விரவுகளில் நாம் உரத்து வாசித்தது பெரியபுராணத்தையே. புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து இறக்க, மருணீக்கியார் தமக்கையார் திலகவதியாரோடு நின்ற நிலையைச் சேக்கிழார் சொல்லும் இடத்தைத் தாண்டுதற்கு நமக்குப் பல இரவு சென்றது. அதன்பின்னர் அவர் சோலை வளர்த்ததும், குளந்தொட்டதும், தண்ணீர்ப்பந்தர் வைத்ததும் வருகின்றன. துக்கத்தின் மத்தியிலே கைக்கு ஒரு தொழில் வேண்டுமென்பது அவ்விடத்திலே நமக்குப் புலப்பட்டது.

தந்தையை இழந்த மாணாக்கன் ஒருவன் நம் வகுப்பிலே இரண்டு மாதம் ஒன்றும் பேசாதிருந்தான். இனி அம்மாவை நீதான் பார்க்கவேண்டுமென்று கண்டாரெல்லாஞ் சொன்னார்கள், அவன் தலையசைத்தான். நாம் அவனுக்கு ஒன்றுஞ் சொல்லாமல், வெள்ளிக்கிழமைப் பூசையிலே தேவாரத்துக்குக் கைத்தாளம் போடும் வேலையைக் கொடுத்தோம். பாடும்படி கேட்கவில்லை. மூன்றாம் வெள்ளி உதடு அசைந்தது. ஐந்தாம் வெள்ளி குரல் வந்தது, பாதியிலே உடைந்தது. பக்கத்திலே நின்ற பிள்ளைகளின் குரல் அவ்விடத்தை நிரப்பிற்று. தாளம் மாத்திரம் நிற்கவில்லை. சிறிது பொறுத்து அவனும் மீளச் சேர்ந்துகொண்டான். இத்தகைய பிள்ளையைச் சபையிலே தனித்து நிறுத்திப் பாடுவித்தலும், தாய்தந்தையரைப்பற்றிக் கட்டுரை எழுதுவித்துப் புள்ளியிடுதலும் கூடா. பட்டினத்தடிகள் தம் தாயாரைத் தகனஞ்செய்தபோது பாடிய பத்துப் பாட்டுக்களையும் அவனாக விரும்பிக் கேட்டாலன்றிக் கொடுக்கற்க. அவை மிகவுஞ் சூடுடையன.

2009இல் முடிந்த போரிலே, பெற்றோர் இறந்தனரோ உளரோ என்றறியாது வளர்ந்த பிள்ளைகள் பலர். அவருட் சிலர் இன்று ஆசிரியராய் இதனை வாசித்தலுங் கூடும். அவர்க்குத் திதியில்லை; அந்தியேட்டியில்லை; கல்வெட்டு அச்சிடுவாருமில்லை. ஆயினும் தந்தையை இழந்தார்க்கு ஆடியமாவாசையும் தாயை இழந்தார்க்குச் சித்திராபூரணையும் உள்ளன. அவை எல்லார்க்கும் பொதுநாட்களாதலின் இறந்தநாள் அறியாதாரும் அவற்றை நோற்கலாம். சித்திராபூரணையன்று கோயில்களிலே கஞ்சி வார்த்துச் சித்திரபுத்திரனார் கதை படிப்பர். வாசிப்பவர் களைத்தாற் புத்தகம் கைமாறும். அதனை வாங்கி வாசிக்கத்தக்கவாறு மேல்வகுப்பு மாணாக்கரைப் பயிற்றுதல் வேண்டும். பதம்பிரித்து வாசிக்கத் தெரியாமையினாலே புத்தகத்தைத் தொடக் கூசி, வீதியிலே நின்று கஞ்சியை மாத்திரங் குடித்துச் செல்லும் பிள்ளைகளை இப்போது காண்கின்றோம். தைமாதத்திலே தொடங்கினாற் சித்திரைக்குள் ஆயத்தமாகிவிடுவர். வாரத்துக்கு ஒருபாடவேளை போதும்.