மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினும் ரேர்போவும்

இலக்கணம் கற்பிப்போர் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுந்தது ஏனென நண்பர்கள் வியத்தல் கூடும். கண்டாவளையில் நெடுங்காலம் கொட்டிலிற் கிடந்த மொரிஸ் மைனர் ஒன்றைப் பழைய மாணவர் சிலர் புதுப்பிக்கத் தொடங்கியுள்ளனர். அதற்கு ரேர்போவும் பூட்டுவோம் என்பர் இளையோர். ஆகாது என்பர் மூத்தோர். வழக்கு எம்மிடம் வந்தது. கேட்டும் கற்றும் அறிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

ரேர்போ என்பது வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் சில்லு. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு வெளிக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்தும். காற்று மிகின் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலுவும் மிகும். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் 1962 இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெற்ஃபயர் என்னும் கார் ரேர்போவுடன் வந்தது. அதன் எஞ்சின் தட்டாதிருக்க, நீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி வரல் வேண்டும். நிரப்ப மறந்தோர் பலர். 1963 உடன் அவ்வகை நின்றது.

இத் 'தட்டுதல்' யாதென எம்மூரார்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1990 முதல் பொருட்டடையால் வன்னியிற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஒஸ்ரினும் மொரிசும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. பரந்தன் வீதியில் அவ் வெண்புகையின் நாற்றத்தை நுகர்ந்து பள்ளிக்கு நடந்தவர்கள் நாம்.

பழைய கார்களால் மட்டும் அஃது எவ்வாறு இயன்றது? அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. ஒஸ்ரின் ஏ40 இல் அது 7.2 மட்டுமே. அமுக்கம் மிகின் மண்ணெண்ணெய் தீப்பொறியின் ஒழுங்கை மீறித் தானே வெடித்து உருளையைத் தட்டும். ரேர்போ செய்வதும் அமுக்கத்தை மிகுவிப்பதே. ஆகவே அன்று எரிபொருளால் நேர்ந்த இடர் இன்று காற்றால் நேரும். நெல்லேற்றிச் செல்லும் டீசல் லொறிகளுக்கு இவ்விடர் இல்லை. அவற்றிற் காற்று அமுங்கிய பின்னரே எரிபொருள் உட்புகும்.

மற்றொரு தீங்கு கண்ணுக்குப் புலனாகாதது. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனாற் பெயாரிங்குகள் தேயும். மைனரின் கிராங்கைத் தாங்கும் முதன்மைப் பெயாரிங்குகளோ மூன்றே. ரேர்போவின் தண்டும் நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேற் சுழல்வது ஒயிற்படலத்தின் மேலேயே. ஒயில் அமுக்கம் தளர்ந்த எஞ்சினில் அதனைப் பூட்டுவது பொருளை வீணாக்குவதாகும்.

எனினும் இளையோர் கூற்று வெறுங்கனவன்று. மைனரின் எஞ்சினுக்கு வழித்தோன்றலான 1275 சீசீ எஞ்சினை, 1982 இல் எம்ஜீ மெற்றோ ரேர்போவிற் பயன்படுத்தினர். ரேர்போவின்றி 72 ஆயிருந்த குதிரைவலு 93 ஆயிற்று. ஆனால் கிராங்கையும் வெளியேற்று வால்வுகளையும் உரப்படுத்திய பின்னரே அவ்வாறு செய்தனர். மூத்தோர் இதனை அறிந்திலர், நாமும் அறிந்திலேம்.

எமது தீர்ப்பு இது: முதலில் உருளைகளையும் கிராங்கையும் அளந்து, தேய்ந்தவற்றைப் போர் செய்து, பருமன் கூடிய பிஸ்ரனும் புதிய பெயாரிங்கும் இடுக. வால்வுகளை அரைத்து இருக்கையில் அமர்த்துக. நான்கு உருளைகளின் அமுக்கமும் ஒத்து வரட்டும். ரேர்போவைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம்.

கிராங்கைக் கடைந்து, பூட்டி, சென்ற மாதம் எஞ்சினை இயக்கினர். பிளக் இளம் மண்ணிறமாயின் கலவை சரி. கரியாயின் எரிபொருள் மிகை, அன்றி ஒயில் மேலேறுகின்றது. வெண்மையாயின் சூடு மிகை. இளையோர் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பலகையில் நிரையாக வைத்திருந்தனர். மூன்று நன்று. மூன்றாம் உருளையினது இன்னும் கரியாகவே இருக்கின்றது.