நாற்றுமேடையைப் பூனையிடமிருந்து காத்தல்

மிளகாய், கத்தரி, தக்காளி முதலியவற்றின் விதையைத் தூவிப் பொடிமண்ணால் மூடி நீர் தெளித்த மேடை, மறுநாட் காலையில் கிளறப்பட்டு, விதையெல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து கிடப்பதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். கோழியின் வேலையென்று எண்ணுவோரும் உளர். கோழி பகலிற் கிளறும். மண்ணை நாற்புறமும் சிதறும். இரவிற் குழி தோண்டி மண்ணை மீண்டும் இழுத்து மூடிய அடையாளம் காணப்படின் அது பெரும்பாலும் பூனையேயாகும்.

பூனைக்கு விதையிலோ நாற்றிலோ விருப்பமில்லை. மலங்கழித்து மூடுவதற்கு இளகிய, உலர்ந்த, கல்லற்ற மண்ணையே அது தேடுகின்றது. நன்கு கொத்திப் பண்படுத்திய மேடை இவ்வியல்புகள் யாவும் உடையது. ஆதலின் மேடை எவ்வளவு சிறப்பாக அமைகின்றதோ அவ்வளவுக்குப் பூனையும் அதனை நாடும்.

நட்டம் விதையோடு முடிவதில்லை. தொக்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிர் பூனையின் மலத்தின் வழியாக மண்ணிற் சேரும். 1908இற் கண்டறியப்பட்ட இவ்வுயிர் இவ்வாறு பரவுகின்றதென்பது 1970ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. கர்ப்பிணிக்கு இது புதிதாகத் தொற்றினால் வயிற்றிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும். சினையாடுகள் கன்று வீசுவதற்கும் காரணமாகும். வல்லாரையைப் பச்சையாய் அரிந்து சம்பல் செய்யும் வழக்கமுள்ள நம் நாட்டில், கீரைப் பாத்தியிற் பூனை புழங்குவதைச் சிறிய காரியமாகக் கொள்ளலாகாது. இலங்கைப் புனுகுப்பூனையொன்றிலிருந்து 1911இல் விவரிக்கப்பட்டு, இந்நாட்டின் பழைய பெயரையே தாங்கிய அங்கைலொஸ்தோமா சிலானிக்கம் என்னும் கொழுக்கிப்புழுவும் பூனை, நாய் ஆகியவற்றின் மலத்தால் ஈரமண்ணிற் பரவி, வெறுங்காலுடன் வேலை செய்வோரின் தோலைத் துளைத்து உட்புகும்.

வேலியால் இதனைத் தடுத்தல் அரிது. 6 அடி வேலியையும் பூனை ஏறிக் கடக்கும். கிடுகுவேலியின் பொட்டு அதற்கு வாயிலாகும். வளவு முழுவதையும் அடைக்க முயல்வது வீண்செலவு. மேடையை மாத்திரம் அடைத்தலே தகும்.

பனை வளரும் பகுதிகளிற் கருக்குமட்டையே முதல்தரமான காவலாகும். மேடையின் குறுக்கே 3 அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியில் மட்டைகளைப் பரப்பினால், பூனை காலூன்றவும் தோண்டவும் இடமிராது. மட்டை கிடையாதவிடத்து இலந்தை முட்கிளைகளைப் பரப்பலாம். சிறிது செலவு செய்யக் கூடியோர் 1 அங்குலக் கண்ணுள்ள கோழிக்கம்பி வலையை வளைத்த தடிகளின் மேல் அரையடி உயரத்தில் விரித்து, ஓரங்களைக் கல்லால் அழுத்திவிடலாம். நாற்று வலையைத் தொடும்வரை அதனை எடுக்க வேண்டியதில்லை. பிடுங்கி நட்டபின், செடிகளுக்கிடையிற் பொச்சுமட்டைத் துண்டுகளைக் கவிழ்த்து வைத்தால் போதும், ஈரமும் காக்கப்படும்.

ஈரமண்ணைப் பூனை விரும்பாது என்பது உண்மையே. எனினும் அதனை நம்பி மாலையில் அளவுக்கு மிஞ்சி நீர் விட்டால் நாற்றழுகல் நோய் வந்துவிடும். தோடை, தேசித் தோல்களைப் போடுவதும் ஒரு மழையுடன் பயனற்றுப் போகும். பூச்சியுருண்டையும் மண்ணெண்ணெயும் உணவுப்பயிர் நிற்கும் மண்ணில் இடத்தக்கவையல்ல. மீன்கழிவைப் பசளையாக மேலாக இடுவோர் பூனையைத் தாமே அழைக்கின்றனர். அதனை ஓரடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும்.

நஞ்சு வைத்தல் அறவே கூடாது. நெற்குதிருக்கும் வயல்வரம்புக்கும் எலியால் வரும் அழிவை அறிந்தவர்கள் பூனையை இழக்க விரும்பார். அதற்கு வேறோர் இடம் கொடுத்தலே மேலானது. கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தூரமாக, மழைநீர் ஓடாத நிழலான மூலையில், 3 அடிச் சதுரத்தில் உலர்ந்த மணலை அரையடி தடிப்பாக இடுக. மேடை மூடப்பட்டிருப்பின் பூனை சில நாளில் மணலுக்குப் பழகிவிடும். தொக்சோபிளாசுமா வெளிவந்தவுடன் தொற்றுவதில்லை. அதற்கு 1 முதல் 5 நாள் வரை செல்லும். ஆகவே மலத்தை நாடோறும் மண்வெட்டியால் அள்ளி ஆழப் புதைத்தல் வேண்டும். இவ்வேலையைக் கர்ப்பிணிகள் செய்யலாகாது. அம்மணலையோ மலத்தையோ கூட்டெருக் குழியிற் சேர்த்தலுமாகாது.